சித்திரை வெயிலில் பெரியவர்களின் யாத்திரை

இவ்வூர்ப் பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு முடிந்ததும், திருவனந்தபுரம் சென்ட்ரல் நிலையத்தில் ஒரு தனிவகைப் பிரயாணிகளைக் காணலாம். நாகர்கோவில் பக்கமிருந்து வரும் வண்டிகளிலிருந்து அவர்கள் இருவர் இருவராக இறங்குவர். முன்னே, வேட்டியை மடித்துக் கட்டிய முதியவர். பின்னே, ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் எவர்சில்வர்த் தூக்குமாக அவருடைய மனைவியார். தூக்கில் முறுக்கு இருக்கும். பையில் கருப்பட்டி இருக்கும். உத்தியோகத்தின் பொருட்டும் வியாபாரத்தின் பொருட்டும் இங்கே குடியேறியுள்ள நம் தமிழ்க் குடும்பங்களின் தாய் தந்தையர் அவர்கள். பேரப்பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் பாட்டன் பாட்டியருக்கு யாத்திரைக் காலம். ஆண்டின் பன்னிரண்டு மாதங்களில் முதியோர் பயணத்திற்குச் சற்றும் பொருந்தாத மாதங்கள் எவையோ, அவற்றையே பள்ளிக்கூடத்து நாட்காட்டி அவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது.

எங்கள் வீட்டு நிலையும் இதுவே. எங்களில் ஒருவர் ரயில்வேயில் முன்பதிவுக் குமாஸ்தா. பத்தாம் வகுப்புத் தேறி, பரீட்சை எழுதி உத்தியோகத்துக்கு வந்தவர். மற்றவர் இல்லத்தை ஆள்பவர். இவ்விரண்டு உத்தியோகங்களில் எது கடினமானது என்பது பற்றி எங்களுக்குள் இன்னும் தீர்ப்பாகவில்லை. நாங்குநேரிக்கு அருகே ஒரு சிற்றூரிலிருந்து ஆண்டுதோறும் வருகிற தந்தையாருக்கு இப்போது அகவை எழுபத்திரண்டு, தாயாருக்கு அறுபத்தேழு. மானாவாரி நிலமும் மாடுகளும் அவர்களை வாழ்நாள் முழுவதும் கட்டிப் போட்டிருந்தன. இருவரும் சேர்ந்து ஊர் எல்லையைத் தாண்டியது கல்யாண வீடுகளுக்கும் துக்க வீடுகளுக்கும் மட்டுமே. கடைசி மாட்டை விற்ற ஆண்டில்தான், "இனி நாலு இடம் பார்க்க வேண்டும்" என்று தந்தையார் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னார். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளே பெட்டியிலிருந்து கைத்தறிச் சேலை ஒன்றை எடுத்து வெயிலில் உலர்த்தினார் என்று ஊரிலிருந்து செய்தி வந்தது.

இத்தகைய பெரியவர்களை வெயிலுக்கு அஞ்சி வீட்டிலேயே இருத்துவதா, அல்லது அவர்கள் விருப்பம்போல் உலவ விடுவதா? நம் சங்கத்துக் குடும்பங்களில் பலருக்கும் இவ்வினா எழுந்திருக்கும். எங்களுக்கு எழுந்த விதத்தையும், அதன்பின் எங்கள் வீட்டில் ஏற்பட்ட ஒழுங்கையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் இவ்வூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்திரையில் திருநெல்வேலிச் சீமையில் வெப்பம் 38 டிகிரியை எட்டுவது வழக்கம். திருவனந்தபுரத்திலோ 33, 34 என்றுதான் செய்தித்தாளில் காணும். தந்தையார் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார். "ஏலே, இது ஒரு வெயிலா? நாங்கள் பார்க்காத வெயிலா?" என்பார். கணக்கு அவர் பக்கம்தான். ஆனால் உடம்பு வெப்பமானியைப் பார்த்து நடந்துகொள்வதில்லை. மனித உடல் தன் சூட்டை வியர்வையின் மூலம் தணித்துக்கொள்கிறது. வியர்வை வழிவதனால் மட்டும் உடல் குளிர்வதில்லை; அது காற்றில் உலர்ந்து போவதனால்தான் குளிர்கிறது. நாங்குநேரிக் காற்று வறண்ட காற்று. அங்கே நனைத்துப் போட்ட துண்டு, திண்ணையில் இருவர் பேசி முடிப்பதற்குள் உலர்ந்துவிடும். இங்கே கடலின் ஈரம் காற்றில் நிரம்பி நிற்பதால், காலையில் கொடியில் போட்ட அதே துண்டு மாலையிலும் கையில் ஒட்டும். துண்டுக்கு நேர்வதே உடம்புக்கும் நேர்கிறது. வியர்வை ஆறாகப் பெருகும், உலராது. உள்ளே இருக்கும் நீரும் உப்பும் வெளியேறும். சூடு மட்டும் குறையாது. ஆகவே ஐந்து டிகிரி குறைந்த இவ்வூரில், ஐந்து டிகிரி கூடிய ஊரிலிருந்து வந்தவரே எளிதில் தளர்ந்து போகிறார். வறண்ட சீமையில் வாழ்ந்து பெற்ற துணிவு இங்கே வந்ததும் அவருக்கு எதிராகவே வேலை செய்கிறது.

அகவை ஏறினால் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வியர்க்கும் ஆற்றல் குறைகிறது. தாகம் தோன்றுவதும் மந்தமாகிவிடுகிறது. நீர் தேவைப்படும் வேளையில் நாவு அதை அறிவிப்பதில்லை. இரத்த அழுத்தத்திற்காக நீர் பிரிக்கும் மாத்திரை உட்கொள்ளும் முதியோர் அநேகர். மாத்திரை ஒரு பக்கம் நீரை வெளியேற்ற, வெயில் மறுபக்கம் வெளியேற்றுகிறது.

2024ஆம் ஆண்டுச் சித்திரையில் நடந்தது இது. அந்த ஆண்டு கேரளம் முழுவதும் கடும் கோடை. ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தனர். ஏப்ரல் 26 அன்று நாடாளுமன்றத் தேர்தலுக்காக வரிசையில் நின்றவர்களில் சிலர் மயங்கி வீழ்ந்ததாகச் செய்திகள் வந்தன. அதே வாரத்தில் வர்க்கலைக் கடற்கரையில் தம் தந்தைக்குப் பிதிர்க்கடன் செய்ய வேண்டும் என்று தந்தையார் விரும்பினார். பாபநாசம் என்று பெயர் பெற்ற அக்கரையில் அதைச் செய்வது பெரும் புண்ணியமாகக் கருதப்படுகிறது. செம்மண் குன்று கடலோரத்தில் செங்குத்தாக நிற்க, அருகிலேயே சனார்த்தன சுவாமி கோயில் அமைந்திருக்கும் இடம் அது. இங்கிருந்து வண்டியில் ஒரு மணி நேரத்திற்குட்பட்ட தூரம். காலையில் சென்று, கடனை முடித்து, கோயிலின் படிகளையும் ஏறி இறங்கிவிட்டு, நண்பகல் வண்டியில் திரும்பினர். கழக்கூட்டம் தாண்டும்போது தாயாருக்குக் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. சென்ட்ரலில் இறங்கியதும் தலை சுற்றி நடைமேடை இருக்கையில் சாய்ந்துவிட்டார். மருத்துவமனையில் நரம்பின் வழியே நீர் ஏற்றினர். மாலையில் தெளிந்தார்.

மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா, காலையிலிருந்து எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தீர்கள்?" தாயார் பதில் சொல்லாமல் மருமகளைப் பார்த்தார். விடியற்காலை நான்கு மணிக்கு அரை டம்ளர் காப்பி, அதன்பின் ஒன்றுமில்லை. கடன் முடியும்வரை விரதம் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை அன்றிரவு மருமகளிடம் தனியே சொன்னார். "ரயிலில் அந்த அறைக்குப் போக எனக்குக் கூச்சம், தாயி. வண்டி ஆடும், பிடித்துக்கொள்ள முடியாது. குடித்தால்தானே போக வேண்டும்?"

முன்பதிவுச் சாளரத்தில் அமர்ந்து ஆண்டுக்கணக்காக முதியோரைப் பார்த்துவருபவர் எங்களில் ஒருவர். கீழ்ப்படுக்கை வேண்டுவார்கள்; சன்னலோரம் வேண்டுவார்கள்; கழிவறைக்கு அருகில் மட்டும் வேண்டாம் என்பார்கள். ஆனால் தண்ணீரைத் தவிர்த்துப் பயணம் செய்வதைப் பற்றி ஒருவரும் வாய்திறந்ததில்லை. தாயார் சொன்னபின் நாங்கள் அறிந்த வயதான பெண்மணிகளிடம் மெல்ல விசாரித்தோம். பெரும்பாலோர் அதையே சொன்னார்கள். ஒருவர், மதுரையிலிருந்து இவ்வூர்வரை ஒரு மிடறும் அருந்தாமல் வந்ததை ஒரு சாதனைபோல் எடுத்துரைத்தார். கோடை யாத்திரையில் நம் வீட்டுத் தாய்மாரை வீழ்த்துவதில் வெயிலுக்கு உள்ள பங்கில் பாதியாவது இந்தக் கூச்சத்திற்கு உண்டு என்றே நாங்கள் கருதுகிறோம். மகன்மார் இதைக் கேட்க மாட்டார்கள், தாய்மார் சொல்லமாட்டார்கள். மருமகள்களும் மகள்களும்தான் கேட்டறிய வேண்டும்.

செய்தி மும்பையில் இருக்கும் தமையனாருக்கு எட்டியது. தொலைபேசியில் அவர் இட்ட ஆணை தெளிவானது: மழை தொடங்கும்வரை இருவரும் வாசற்படி தாண்டக்கூடாது, மின்விசிறியின் கீழ் இருக்கட்டும். அவர் பாசத்தினால் சொன்னதே அது. ஆனால் இடவப்பாதி மழைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. மருத்துவர் மூன்று நாள் ஓய்வு போதும் என்றிருந்தார். அந்த மூன்று நாட்களிலேயே தாயாரின் முழங்கால் பிடித்துக்கொண்டது, இரவில் உறக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை. தந்தையார் பால்கனிக்கும் கூடத்துக்குமாக நடந்து நடந்து, நான்காம் நாள் காலையில் துணிப்பையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். "ஊரில் வேலை எங்களை நடக்க வைக்கும். இங்கே நாங்களாக நடந்தால்தான் உண்டு. அதுவும் கூடாதென்றால் ஊருக்கே போகிறோம்" என்றார். ஊருக்குப் போனால் அடுத்த ஆண்டு வருவார்களா என்பது எங்களுக்கு ஐயமாயிற்று. முதியவர்களுக்கு ஓராண்டு என்பது நமக்குள்ள ஓராண்டு அன்று.

வீட்டுக்குள் வைத்துவிட்டால் ஆபத்தில்லை என்பதும் சரியன்று. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் சில நாட்கள் அடித்த வெப்பத்தில் 700 பேருக்கு மேல் மாண்டனர். 2003 ஆகஸ்டில் பிரான்சில் வழக்கத்தைவிட ஏறத்தாழ 15,000 பேர் கூடுதலாக இறந்தனர். இவர்களில் மிகப் பலர் முதியோர். வெயிலில் அலைந்து திரிந்தவர்கள் அல்லர் அவர்கள். சாத்திய அறைகளுக்குள், பேச்சுத் துணையின்றி இருந்தவர்கள் அநேகர். மேல்மாடியின் கான்கிரீட் கூரை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் இறக்குவதை இவ்வூர் அடுக்குமாடிகளில் குடியிருப்போர் அறிவர். பெரியவர்களுக்கு நாம் ஒழித்துக் கொடுக்கும் அறை பெரும்பாலும் அந்த மேற்குப்புறத்து அறைதான்.

ஆகவே மருத்துவரிடமே மறுபடி சென்று கேட்டோம். அவர் சொன்னது சுருக்கமானது. நடப்பதை நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். புதிய ஊரின் வெப்பத்திற்கு உடம்பு பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். ஆகவே வந்து இறங்கிய மறுநாளே எந்தக் கோயிலுக்கும் கிளம்ப வேண்டாம். நடக்கும்போது இருவரும் இயல்பாகப் பேசிக்கொள்ள முடிய வேண்டும்; மூச்சு வாங்கிப் பேச்சு அறுந்தால் நின்றுவிட வேண்டும். மாத்திரைகளைத் தாமாக நிறுத்தாமல், கோடைக்கு அளவு மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இதயமோ சிறுநீரகமோ பழுதுற்றவர்கள் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதையும் அப்படியே கேட்டறிய வேண்டும்.

இதன்படி எங்கள் வீட்டுக் கடிகாரம் மாறியது. விடியற்காலை ஐந்தரைக்கு அருங்காட்சியகத்துத் தோட்டம். நிழல் தரும் பெருமரங்களின் கீழே, விலங்குகாட்சிச் சாலையிலிருந்து சிங்கம் உறுமும் ஓசை கேட்க, நகரத்தில் பாதிப்பேர் அங்கே நடக்கிறார்கள் என்று தோன்றும். முதல் வாரம் ஒரு சுற்று. இரண்டாம் வாரம் இரண்டு. தாயார் சுற்றின் நடுவே ஒரு பெஞ்சில் அமர்ந்துகொள்வார். அங்கே கரமனையிலிருந்து வரும் தமிழ்ப் பெண்மணிகள் மூவர் அவருக்குத் தோழியராகி, அவருடைய மலையாளம் எங்கள் மலையாளத்தைவிட விரைவில் முன்னேறியது.

ஏழரைக்குத் தந்தையார் மட்டும் சாலைக் கடைத்தெருவுக்குச் செல்வார். திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் எழுந்த அந்தச் சந்தையில் தமிழ் வணிகர்களின் கடைகள் மிகுதி. அச்சுவெல்லத்தின் விலையைக் கேட்பார், வாங்கமாட்டார், கடைக்காரரிடம் தம் ஊர் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வருவார். கிழக்கேகோட்டையில் மேத்தன் மணி அடிக்கும் நேரம் பார்த்து நின்று, அந்தப் பொம்மை முகத்தின் இருபுறமும் ஆட்டுக்கடாக்கள் வந்து மோதுவதைக் குழந்தைபோல் பார்ப்பதும் உண்டு. ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

பதினொன்று முதல் மூன்றுவரை வெளியே இல்லை. கேரளத்துப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எல்லோருக்கும் கூறும் அறிவுரையே இது. கடுங்கோடையில் வெட்டவெளியில் உழைக்கும் தொழிலாளருக்கும் பகல் 12 முதல் 3 மணிவரை ஓய்வளிக்கும்படி இங்குத் தொழில்துறை ஆணை பிறப்பிப்பது வழக்கம். இதைச் சொன்னதும் தந்தையார் மகிழ்ந்தார். ஓய்வு என்பது நோயாளிக்கு என்றிருந்தால் அவருக்கு இழிவு; உழைப்பாளிக்கு என்றால் உரிமை.

பகலில் எங்கேனும் போயே தீர வேண்டும் என்றால் அதற்கும் வழியுண்டு. நேப்பியர் அருங்காட்சியகம் 1880இல் கட்டி முடிக்கப்பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்து செனட் மாளிகையைக் கட்டிய அதே சிசோம் என்பவர்தான் இதற்கும் சிற்பி. குளிர்சாதனப் பொறி இல்லாத அக்காலத்தில், காற்றே உள்ளிருக்கும் சூட்டை வாங்கிச் செல்லும்படி சுவரும் கூரையும் சாளரமும் அமைத்தார். வெண்கலச் சிலைகளின் முன்னே தாயார் ஒவ்வொன்றாக நின்று கும்பிட்டு வருவதற்குள் ஒரு மணி நேரம் நடந்ததாகிவிடும். பத்மநாபபுரத்து அரண்மனையும் அப்படிப்பட்டதே. நாகர்கோவில் சாலையில் தக்கலைக்கு அருகே இருப்பது. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோதிலும் அரண்மனை கேரளத்தின் பராமரிப்பிலேயே உள்ளது. அதன் கறுப்புத் தரையில் வெறுங்காலோடு நடப்பது கோடையில் ஓர் இன்பம். "இந்தத் தரையை ஊருக்குக் கொண்டுபோக முடியுமா?" என்று தந்தையார் காவலரைக் கேட்டார்.

தண்ணீரைப் பற்றி வருவோம். இங்கே உணவுச்சாலைகளில் பதிமுகம் இட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு நீரை, அதுவும் சுடச்சுடக் கொடுப்பார்கள். முதல் முறை தாயார் அதைக் கண்டு, கை கழுவத் தந்த நீர் என்று எண்ணி ஒதுக்கிவிட்டார். இப்போது அந்தப் பட்டையை ஊருக்கு வாங்கிச் செல்கிறார். இஞ்சியும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் நசுக்கி உப்பிட்ட சம்பாரம் எனும் மோரும், கஞ்சித் தெளிவும் எங்கள் வீட்டில் பகலில் இருந்துகொண்டே இருக்கும். வியர்த்துச் சோர்ந்தபோது ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு சிறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி இட்டுக் கலக்கிக் கொடுக்கலாம். எளிய மருந்து என்று இகழ வேண்டாம். 1971இல் வங்க அகதிகள் முகாமில் வாந்திபேதியில் மடிந்துகொண்டிருந்த மக்களுக்கு, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இவ்வகை உப்புச் சர்க்கரை நீரைக் கொடுத்துத்தான் எண்ணற்ற உயிர்களைக் காத்தார். ஆனால் ஒருவர் பிதற்றத் தொடங்கினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடம்பு நெருப்பாய்ச் சுட்டாலோ அது வீட்டு மருந்துக்குரிய நிலை அன்று. நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108க்கு அழைக்க வேண்டும். நினைவற்றவர் வாயில் எதையும் புகட்டலாகாது.

ரயிலில் நீர் அருந்த வைப்பதுதான் கடினமாயிருந்தது. அதற்கு வழி கண்டவர் எங்களில் இல்லத்தை ஆள்பவர். "தாகம் எடுத்தால் குடியுங்கள் அத்தை" என்று சொல்லிப் பயனில்லை என்று அவர் கண்டார். ஆகவே நிலையங்களின் பெயர்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். கழக்கூட்டத்தில் அரை டம்ளர். சிறையின்கீழில் அரை டம்ளர். வர்க்கலையில் இறங்கியதும் ஒன்று. நாகர்கோவில் மார்க்கமென்றால் நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, இரணியல். தாயாருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்; நிலையப் பலகையைப் படிப்பதே அவருக்கு ஒரு விளையாட்டாயிற்று. பலகையைப் படித்தவுடன் செம்பு திறக்கும். வண்டி நிற்கப்போகும் தறுவாயில், ஆட்டம் குறைந்திருக்கும்போது, அந்த அறைக்குச் சென்று வருவதற்கும் ஒரு கணக்கு ஏற்பட்டது. தந்தையார் வாசலில் காவல்.

இதில் முன்பதிவு குமாஸ்தா சொல்லக்கூடியவையும் சில உண்டு. அறுபது நிறைந்த ஆடவர்க்கும் நாற்பத்தைந்து நிறைந்த பெண்டிர்க்கும், இடம் இருக்குமாயின் கீழ்ப்படுக்கை தரும் ஒதுக்கீடு உண்டு. தனியாகவோ, அத்தகையோர் இருவராகவோ பயணம் செய்ய வேண்டும். பேரனையும் அதே சீட்டில் சேர்த்துவிட்டால் அந்த ஒதுக்கீடு கிட்டாது. முதியோர்க்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பெற்றது. அதைக் கேட்டு இன்றும் சாளரத்துக்கு வருவோர் உண்டு, அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது எளிதாயில்லை. பெட்டியின் கோடியில் படுக்கை கிடைத்தால் மாற்றிக் கேளாதீர்கள். கழிவறை எட்டும் தூரத்தில் இருப்பது முதியோர்க்கு நன்மையே. வடக்கே செல்லும் வண்டிகள் சில புறப்படுகிற கொச்சுவேளி நிலையத்துக்கு 2024 முதல் திருவனந்தபுரம் வடக்கு என்றும், நேமத்துக்குத் திருவனந்தபுரம் தெற்கு என்றும் பெயர். சீட்டில் உள்ள திசையைப் பார்க்காமல் சென்ட்ரலில் வந்து நின்று, பின் உச்சி வெயிலில் ஆட்டோ தேடி ஓடும் முதியோரைப் பார்க்கப் பரிதாபமாயிருக்கிறது. இன்சுலின் கொண்டுசெல்வோர் அதைச் சன்னலோரப் பையில் வைக்காமல், ஈரத்துணி சுற்றிய சிறு மண்கலயத்திலோ அதற்கென்று விற்கும் குளிர்ப்பையிலோ வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்காலத்தில்தான் கொச்சியில் தேநீர்க்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியரைப் பற்றித் தந்தையாருக்குப் படித்துக் காட்டினோம். ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்னும் சிறு கடையின் அன்றாட வரும்படியில் சிறிது சிறிதாக ஒதுக்கி, போதாததற்குக் கடன் வாங்கி, திரும்பி வந்து அக்கடனை அடைத்து, அவர்கள் 26 நாடுகளைப் பார்த்தார்கள். கடைசியாக 2021 அக்டோபரில் ரஷ்யாவுக்குச் சென்று வந்தார்கள். அடுத்த மாதம் விஜயன் காலமானார். கேட்டு முடித்த தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த அம்மாவைக் கூடவே அழைத்துக்கொண்டு போயிருக்கிறார்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஆண்டு அவர்கள் விடுமுறைக்குக்கூடக் காத்திராமல் மாசியிலேயே வந்துவிட்டார்கள். 2025 மார்ச் 13 ஆற்றுக்கால் பொங்காலை. மதுரையை எரித்த கண்ணகி இவ்வழியே வந்து தங்கினாள் என்பது அக்கோயிலின் ஐதிகம். ஆகவே தாயாருக்கு அது உறவினர் வீட்டு விசேஷம்போல. நகரத்துத் தெருக்களெல்லாம் செங்கல் அடுப்புகள், இலட்சக்கணக்கான பெண்கள், மேலே வெயில், கீழே தீ, நடுவே புகை. கோடையின் கடுமையை ஒரே நாளில் சுருக்கி வைத்தால் அதுதான். தமையனார் மும்பையிலிருந்து இருமுறை அழைத்தார். அம்முறை தாயாரே பேசினார். "ஐயா, நான் மூன்று வாரமாக இங்கேதான் இருக்கிறேன். உடம்பு பழகிவிட்டது. அடுப்பு மூட்டும் இடத்தில் பின்னால் நிழல் இருக்கிறது. எப்போது எழுந்து போக வேண்டும் என்று எனக்குத் தெரியும்" என்றார்.

உண்மையில் அவர் எல்லாவற்றையும் தாமே ஏற்பாடு செய்திருந்தார். கரமனைத் தோழியர் மூவரும் வழக்கமாக அமரும் தெருவில், கிழக்குப் பார்த்த ஒரு வீட்டின் நிழல் நண்பகலுக்குப்பின் விழும் பக்கமாக இடம் பிடித்தார்கள். அவ்வீட்டுக் குளியலறை அவர்களுக்குத் திறந்திருக்கும் என்பதை முன்னாளே கேட்டு உறுதிசெய்துகொண்டார்கள். நாங்கள் யாரும் சொல்லிக்கொடுத்ததன்று. பருத்திச் சேலை, தலையில் நனைத்த துண்டு. அடுப்பு மூட்டியபின் நால்வரும் முறைவைத்து எழுந்து நிழலுக்குச் சென்றார்கள். ஒருவர் நான்கு பானைகளையும் பார்த்துக்கொண்டார். தெருவில் வசிப்போர் பாத்திரம் பாத்திரமாக மோரும் நீரும் கொண்டுவந்து கொடுத்த வண்ணம் இருந்தனர். எங்களில் குமாஸ்தா அன்று விசேஷ வண்டிகளின் கூட்டத்தில் நிலையத்தை விட்டு நகரவில்லை. மாலையில் வீடு திரும்பியபோது தாயார் பொங்கல் பானையை வைத்துவிட்டு, ஒன்பது டம்ளர் அருந்தியதாகக் கணக்குச் சொன்னார். தந்தையார், எட்டுத்தான் என்றார்.

அவ்வாண்டு வர்க்கலைக்கும் மறுபடி சென்றார்கள். முதல் நாள் மாலையே போய்த் தங்கி, விடியும் முன் கடனை முடித்து, எட்டு மணி வண்டிக்கெல்லாம் திரும்பினார்கள். விரதத்தைப் பற்றித் தாயாரே தந்தையாரிடம் சொல்லிவிட்டார்: சோறுதான் விலக்கு, நீர் விலக்கு என்று எவரும் சொல்லவில்லை. அவர் மறுக்கவில்லை.

அடுத்த யாத்திரை பற்றி இப்போது வீட்டில் வாதம் நடக்கிறது. கொல்லத்திலிருந்து புனலூர் வழியாகச் செங்கோட்டைக்குச் செல்லும் மலைப்பாதையில், தந்தையாரின் தந்தை பழைய மீட்டர்கேஜ் வண்டியில் ஒருமுறை வந்தாராம். 1904இல் போட்ட பாதை. அகலப்பாதையாக மாற்றப்பெற்று 2018 முதல் முழுவதும் ஓடுகிறது. தென்மலைக்கு அப்பால் உள்ள பதிமூன்று கண் பாலத்தை வண்டியிலிருந்து பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. சாரல் விழும் ஆனியில் போகலாம், குற்றாலத்தில் குளித்துவிட்டு ஊர் சேரலாம் என்று நாங்கள் சொல்கிறோம். பேரப்பிள்ளைகள் உடன் வர வேண்டுமென்றால் விடுமுறைக்குள்தான் முடியும் என்று தாயார் சொல்கிறார். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னர்தான் திறக்கிறது. ஆகவே தீர்மானிக்க இன்னும் அவகாசம் இருக்கிறது. இதற்கிடையே, குண்டறை, கொட்டாரக்கரை, புனலூர், தென்மலை, ஆரியங்காவு என்று அந்தப் பாதையின் நிலையங்களை வரிசை தவறாமல் பெரிய எழுத்தில் எழுதித் தரும்படி தாயார் மருமகளிடம் கேட்டிருக்கிறார்.